மோட்டார் கம்பவுண்டரும் முள்ளு டயரும்

உலகத்தில் பெண்டாட்டிக்கு நகை வாங்கியவர்கள் உண்டு, பட்டு வாங்கியவர்கள் உண்டு. பெண்டாட்டிக்காக டயர் வாங்கிய மனுஷர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர்தான் எங்கள் மோட்டார் கம்பவுண்டர்.

யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள் அவை. நான் தென்காசி தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அவர் அதே ஊரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். இரண்டு பேருக்கும் ஜாகை குற்றாலத்தில், அடுத்தடுத்த வீடு. சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன சின்ன மோட்டார் சைக்கிள் அவரிடம் இருந்தது. காலையில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் புறப்படுவார். சாரல் நாட்களில் மலை தெரியாது, ரோடு தெரியாது. காற்று ஆளைத் தாலாட்டும், முகத்தில் பூப் பூவாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். நான் பாதித் தூரம் தூங்கிக்கொண்டேதான் போவேன். அவரும் தூங்குகிறாரோ என்று சில சமயம் எனக்குச் சந்தேகம் வரும்.

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்குத் தாய்வீடு ஆய்க்குடி. ஒரு சாரல் காலத்தில் அங்கே போகும்போது மேலகரம் பக்கம் ஒரு திருப்பத்தில் வண்டி சறுக்கி, மதினி மடியில் வைத்திருந்த முறுக்குச் சட்டியோடு நடுகை முடிந்த வயலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. எழுந்து சேலையைப் பிழிந்துகொண்டு, இனி இந்த வண்டியில் ஏறச் சொன்னால் ஆய்க்குடியிலேயே இருந்துகொள்வேன் என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு மதினி மாட்டு வண்டியில்தான் போவாள். இவர் கூடவே மோட்டாரில் போவார். மோட்டார்ச் சத்தத்துக்கு மாடு மிரளும் என்பதால் ஒரு பர்லாங்கு முன்னால் போய்ப் புளியமரத்தடியில் காத்திருப்பார். மாட்டு வண்டி வந்ததும் மதினியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அடுத்த புளியமரத்துக்குப் போவார். ஆய்க்குடி போய்ச் சேருவதற்குள் அந்த ரோட்டுப் புளியமரம் எல்லாம் இவருக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடும்.

மறு வருஷம் சாரல் தொடங்கியபோது டயர் இரண்டும் எங்கள் ஹெட்கிளார்க் தலை போல வழவழவென்று ஆகியிருந்தன. ஒரு நாள் வழியில் வண்டியை நிறுத்தி என்னிடம் மனசைத் திறந்தார்.

"வார ஞாயித்துக்கிழம மச்சினனுக்கு நிச்சயதார்த்தம்வே. சறுக்காத டயரா ரெண்டு போட்டுட்டு அவளக் கூப்பிடப்போறேன். இந்தத் தடவையும் மாட்டு வண்டிதான்னு சொன்னாள்னா, இத வித்துர வேண்டியதுதான். தனியா ஓட்டுததுக்கு எனக்கு எதுக்குவே வண்டி?"

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

தென்காசியில் அந்த அளவு டயர் வைத்திருந்தது ஒரே ஒரு சைக்கிள் கடை. கடைக்கார அண்ணாச்சி மூன்று ஜோடி எடுத்துப் போட்டார். முதல் ஜோடி சீமைச் சரக்கு. அதை வாங்க வேண்டுமானால் இவர் வண்டியை விற்க வேண்டும். இரண்டாவது, யாரோ ஓட்டிக் கழித்த பழசுக்கு ஒட்டுப் போட்டது. மூன்றாவது எந்தக் கப்பலில் வந்ததோ, பேர் ஊர் இல்லாதது, விலை மலிவு, பலாப்பழத் தோல் மாதிரி முள்ளு முள்ளாக இருந்தது. கம்பவுண்டர் ஒவ்வொன்றையும் நகத்தால் கீறினார், மோந்து பார்த்தார், கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். டயர் வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா என்று கடைக்காரர் கேட்டார். இரண்டுக்கும் ஒரே நிதானம் வேண்டும் என்று இவர் பதில் சொல்லி, கைக்கடிகாரத்தை ஈடாக வைத்துவிட்டு, மூன்று தினுசிலும் ஒவ்வொன்றைப் பரீட்சைக்கு வாங்கி வந்தார்.

பரீட்சைக்கு அவர் பிடித்த இடம் அருவிக்கரை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்காரும் பாறை ஒன்று உண்டு. எத்தனையோ உடம்புகளிலிருந்து வழிந்த எண்ணெயைக் குடித்துக் குடித்து அந்தப் பாறையில் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கும். அதில் நிற்கிற டயர் ஆய்க்குடி ரோட்டில் நிற்காதா என்பது அவர் கட்சி. டயரை நிமிர்த்தி வைத்து அதன்மேல் நான் கவிழ்ந்து படுத்து அழுத்த வேண்டும், அவர் கயிறு கட்டி இழுப்பார். ஏன் நான் என்றால், டாக்டர் வீட்டு எடை மிஷினில் என்னை நிறுத்திப் பார்த்திருந்தார். மதினிக்கும் எனக்கும் ஒரே எடையாம். மதினியை எப்போது நிறுத்தினார் என்று நான் கேட்கவில்லை.

சீமை டயரோடு நான் வழுக்கிக்கொண்டு போனேன். ஒட்டுப் போட்டதோடு இன்னும் வேகமாகப் போனேன். எண்ணெய் தேய்க்க வந்தவர்கள் உடம்பை மறந்து எங்களைப் பார்த்தார்கள். முள்ளு டயர் மாத்திரம் அசையவில்லை. வேடிக்கை பார்த்த ஒருவரும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. என் வயிற்றில் அதன் முள் ஒவ்வொன்றும் பதிந்திருந்தது. கம்பவுண்டர் கயிற்றைப் போட்டுவிட்டு, அருவியைப் பார்த்துக் கும்பிட்டார்.

மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை முள்ளு டயர் ஜோடியை மாட்டியாயிற்று. சனிக்கிழமை மத்தியானம் புறப்பாடு. என்னைக் காட்டி, முதலில் இந்தத் தம்பியை ஏற்றிக்கொண்டு தெருக்கோடி வரை போய், இறக்கத்தில் பிரேக் போட்டுக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்று மதினி சொல்லிவிட்டாள். வாசலில் மாட்டு வண்டியும் தயாராக நின்றது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. டயர் இரண்டும் கறுப்பாகப் பளபளத்தன. புதுசு அல்லவா என்று நானும் பாராட்டினேன். புதிதாக எடுத்த வெள்ளைச் சட்டையோடு ஏறி உட்கார்ந்தேன்.

இறக்கத்தில் அவர் பிரேக்கைப் பிடித்தார். எருமை குளத்தில் படுப்பதுபோல வண்டி மெதுவாகச் சாய்ந்தது. நாங்களும் அவசரப்படாமல் அதோடு கூடவே போய்ச் சேற்றில் படுத்தோம். நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. சாரலில் நனைந்துகொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தார்.

"வித்துருவோம்வே," என்றார்.

மதினி வந்தாள். அவர் கை காலை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து டயரை ஒரு விரலால் தொட்டு மோந்தாள்.

"இது என்னது, நல்லெண்ணெயா?"

கம்பவுண்டர் தலை நிமிராமலே சொன்னார். "புது டயராச்சே. சனிக்கிழமையுமாச்சு. காலையில நான் தேய்க்கும்போது அதுக்கும் கொஞ்சம் தேச்சுவிட்டேன். தோல் மாதிரிதான ரப்பரும், காஞ்சு வெடிச்சுரக் கூடாதுன்னு..."

தெருவே சிரித்தது. மாட்டு வண்டிக்காரர் சிரித்தார், மாடு கூடத் தலையை ஆட்டியது. நானும் சிரித்துவிட்டேன். மதினி மாத்திரம் சிரிக்கவில்லை. உள்ளே போனாள். வெந்நீரும் ஒரு கிண்ணம் சீயக்காயும் எடுத்து வந்தாள்.

"எண்ணெய் தேச்சா சீயக்கா தேய்க்காண்டாமா? உங்களுக்குத்தான் நான் தேச்சுவிட்டேன். அதுக்கு யாரு தேச்சா?"

தெரு பார்க்க, தூக்கிச் செருகிய சேலையோடு உட்கார்ந்து, ஒவ்வொரு முள்ளாகத் தேய்த்தாள். கம்பவுண்டர் சக்கரத்தைச் சுற்றிக் கொடுத்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். நுரை வடிந்து, ரப்பர் கறுத்துச் சொரசொரவென்று வந்தது. மதினி உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, மாட்டு வண்டிக்காரரிடம், "நீங்க போங்க அண்ணாச்சி," என்றாள். பிறகு புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"மெள்ளப் போங்க. விழுந்தாலும் பரவாயில்ல, ரெண்டு பேருமாத்தான விழப்போறோம்."

வண்டியைக் கிளப்பவே அவருக்கு நாலு உதை ஆயிற்று. அதே இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தார், வண்டி நின்றது. பிறகு புறப்பட்டார்கள். மாட்டு வண்டி வேகம்கூட இல்லை. மேலே குற்றால மலையை மேகம் மூடியிருந்தது. சாரலுக்குள் முதலில் வண்டி மறைந்தது, பிறகு மதினியின் அரக்குச் சேலை மறைந்தது, படபடவென்ற சத்தம் மாத்திரம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் சேற்றுச் சட்டையும் கையில் சீயக்காய்க் கிண்ணமுமாக நடுத்தெருவில் நின்றேன். அந்தப் பைத்தியக்கார மனுஷருக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் எனக்காக இல்லாமல் ஒன்று வேண்டிக்கொண்டேன்.