பயூமி ஷேக்கின் சுருங்கிய நுரையீரல்

டமார்!

பித்தளை அண்டாவில் உலக்கை விழுந்த சத்தம் கெய்ரோவில் ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டித் தெரு முழுக்கக் கேட்டது. நெஞ்சுக்குள் புகுந்து மூச்சை அடைக்கும் பேயாம், இன்னொரு ஜின் பிடிபட்டுவிட்டது. வரிசையில் நின்ற நூறு பேரும் பயபக்தியோடு இருமினார்கள். ஆளுக்கு ஒரு ஜோடிப் புறா காணிக்கை. நூறு பேருக்கும் மூளை இருந்தது. அதைக் காணிக்கையாக யாரும் கேட்கவில்லை, வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அக்கம்பக்கத்தார் நச்சரிப்பில் ஷௌகிய்யாவும் மகள் நிஹாலை அழைத்து வந்திருந்தாள். பெண்ணுக்கு ஆஸ்துமா. அவளுடைய இன்ஹேலரை ஜின் ஓட்டும் ஷேக் பயூமி முதலிலேயே பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அது ஜின்னுக்குத் தீனியாம்.

"இதுல ஊதும்மா. உன் ஜின்னு இதுக்குள்ள குதிச்சிரும்."

ஷேக் நீட்டிய ஆட்டு நுரையீரல் மேல் நிஹால் ஊதினாள். ஷேக் அதை அண்டாத் தண்ணீரில் போட்டார். மிதந்தது.

"ஈரலைப் போட்டா முங்குது. இது மட்டும் மிதக்குதே, தூக்கிப் பிடிக்கிறது யாரு?"

"ஜின்னு!" என்றது கூட்டம்.

அண்டாவைத் துணியால் மூடினார், முணுமுணுத்தார், உலக்கையால் ஓர் அடி. துணியை எடுத்தால், சின்னதாய், கருஞ்சிவப்பாய் ஒரு நுரையீரல் அடியில் கிடந்தது.

"ஜின்னு ஓடிருச்சு! ஓடுன வேகத்துல நுரையீரலே சுருங்கிப்போச்சு!"

ஜின் ஓடிய பிறகும் நிஹாலின் நெஞ்சு விசிலடித்தது. உதடு நீலம் பாரித்தது.

"ஷேக்கு, அந்த மருந்தைக் குடுங்க!"

"பொறும்மா உம்மு நிஹால், பெத்த தாய்க்குப் பொறுமை வேணும். ஜின்னு போனா அப்படித்தான் இரைக்கும்."

ஷௌகிய்யா பொறுக்கவில்லை. பையைப் பறித்து, மருந்தை மகள் வாயில் இரண்டு தடவை அழுத்தினாள். ஷேக்கின் நீண்ட சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டுவது அப்போதுதான் கண்ணில் பட்டது. உள்ளே கைவிட்டு இழுத்தாள். வந்தது, நிஹால் ஊதிய முதல் நுரையீரல்!

இருபது வருடமாகக் குடலும் நுரையீரலும் விற்பவள் அவள். ஓட்டை இல்லை என்று காட்ட, மூச்சுக்குழாயில் ஊதிக் காட்டித்தான் விற்பாள். முங்கிக் கிடந்த குட்டி நுரையீரலை எடுத்து அதேபோல் ஊதினாள். அது வெளிர்சிவப்பாகி, பஞ்சாய்ப் பொங்கியது. தண்ணீரில் போட்டாள். மிதந்தது!

"என் வாயிலேர்ந்தா ஜின்னு வந்துச்சு? உள்ள பூராவும் பொடிப்பொடியா காத்துப் பைங்க. ஒரு தடவை மூச்சு இழுத்தாப் போதும், கொஞ்சம் காத்து தங்கிரும். அப்புறம் ஆடு செத்தாலும் அது மிதக்கும்."

"அப்ப இந்தச் சின்னது மட்டும் முதல்ல ஏன் முங்குச்சு?" என்றார் புறாக் கூண்டோடு நின்ற கிழவர்.

நிஹாலின் மூச்சு சீராகியிருந்தது. ஷௌகிய்யா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வயித்துக்குள்ளயே செத்த குட்டியோடது, பெரியவரே. பொறந்து ஒரு மூச்சுகூட விடாதது. அதைத்தான் இவரு குணமான நெஞ்சுன்னு காட்டுறாரு. அந்தக் குணம் வேணுங்கறவங்க வரிசையிலயே நில்லுங்க!"