நாரியும் றோட்டும் ஒரு சஹனும்

மருதமுனை.

அன்புள்ள மச்சான் றஸ்மி அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம், எனது நாரியைத் தவிர; இடுப்பை நிமிர்த்த ஏலவில்லை. டோஹாவில் உங்கள் சுகத்துக்கும் துஆச் செய்கிறோம். வட்ஸ்அப்பில் கதைத்து அனுப்பச் சொன்னீர்கள். முப்பது வருடம் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவனுக்கு அது ஒத்துவராது.

உங்கள் தம்பி நஸீமுக்கும் எனக்கும் ஐந்து வாரமாகப் பேச்சில்லை என்று யாரோ உங்களிடம் பற்றவைத்திருக்கிறார்கள். உண்மைதான். கடற்கரை வீதியைத் திருத்திக் காசு அறவிடக் கம்பனி ஒன்றுக்குக் கொடுக்கலாமா என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். அதன் பள்ளங்களில் விழுந்து நாரி பிடித்த நான், கொடுங்கள் என்றேன். ஓட்டோ ஓடுகிற நஸீம், போக வரக் காசு கட்ட ஏலாது என்றான். வார்த்தை முற்றி, எங்களை ஆளுக்கொரு வாசலால் வெளியே விட்டார்கள். அன்றிலிருந்து உங்கள் தங்கை மர்ஷூதா தன் காக்கா நஸீம் வீட்டுக்குப் போகவில்லை. நான் தடுக்கவில்லை. ஆனாலும் அடுப்படியில் நின்று அழுதாள். பார்க்க எனக்குத் தாங்கவில்லை, மச்சான்.

இதற்கிடையில் என் மகன் சியாம் பாட்டுப் போடுகிறான். பாட்டுக் கம்பனி கிடையாது, ஸ்டூடியோ கிடையாது. அலுமாரிக்குள் தலையை விட்டுப் போர்வையால் மூடிக்கொண்டு, தானே எழுதித் தானே பாடித் தானே இணையத்தில் விடுகிறான். நான் கவனிக்காமல் விட்டதுதான் பிழை.

போன ஞாயிறு ஒரு கலியாண வலீமா விருந்து. ஆளைப் பார்க்காமல் இருத்தியதில் எனக்கும் நஸீமுக்கும் ஒரே சஹன். ஒரு தட்டில் ஆறு பேர். எல்லோரும் கைவைக்காமல் ஒருவர் தொடங்குவது மரியாதையில்லை. நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டோம். மற்ற நால்வரும் ஆறுகிற புரியாணியைப் பார்த்தபடி பசியில் இருந்தார்கள். அப்போது யாருடைய போனிலோ ஒரு பாட்டு. தாளத்துக்கு நடுவே என் குரல், "என்ட நாரி போச்சு" என்கிறது. உடனே நஸீமின் குரல், "றோட்டை விக்காதிங்க" என்கிறது. ஊர்க்கூட்டத்தில் நாங்கள் கத்தியதையெல்லாம் சியாம் பதிந்து பாட்டாக்கியிருக்கிறான். முதலில் சிரித்தது நஸீம்தான். பிறகு கோழித் தொடையை என் பக்கம் தள்ளினான்.

"ஒங்கட நாரிக்கு நல்லம், தின்னுங்க மச்சான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மர்ஷூதா வட்டிலப்பத்துடன் காக்கா வீட்டுக்குப் போனாள்.

ஆகவே கவலையை விடுங்கள். அடுத்த வருடம் உங்கள் மகள் சஹ்லாவின் கலியாணத்துக்கு வரும்போது எங்கள் இருவரையும் சேர்ந்தே காண்பீர்கள், இன்ஷா அல்லாஹ். பிள்ளைக்கு எங்கள் துஆவும் சலாமும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் முனாப்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் இரண்டாவது ஊர்க்கூட்டத்துக்குப் போய் வந்தேன். பாட்டை நாற்பது தடவை கேட்டதில் நஸீம் சொன்னதே நியாயம் என்று பட்டு, வீதியைக் கொடுக்கவே கூடாது என்று பேசினேன். அவனோ என் நாரிக்காக மனமிரங்கி, கொடுத்துவிடுங்கள் என்று பேசினான். மறுபடியும் ஆளுக்கொரு வாசல். எங்களை மறுபடி ஒரே சஹனில் இருத்த, சஹ்லாவின் கலியாணத்தைக் கொஞ்சம் முந்தி வைக்க ஏலுமா என்று மர்ஷூதா கேட்கிறாள்.