தெஹ்-இ-சங்கின் சனத்தொகை

மதிப்புக்குரிய 'உலக ஊர்கள்' இணையத்தள ஆசிரியர் ஐயாவுக்கு,

இத்தாலி, பலெர்மோ நகரின் அல்பெர்கேரியாப் பகுதியிலிருந்து பாடசாலை மாணவி கிருசாந்தினி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வரைபடங்களும் நலமாக இருக்க வேண்டும். நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

வகுப்பில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கோர் ஊர் கொடுத்தார்கள். அமைவிடமும் சனத்தொகையும் எழுத வேண்டும். எனக்கு விழுந்தது பாரசீகத்துத் தெஹ்-இ-சங். தங்கள் பக்கத்தில் அமைவிடம் திருத்தமாக இருக்கிறது: மலையடிவாரம், ஓர் ஓடை, தார் போடாத பாதை. அதன் கீழே, "கணக்கெடுப்பில் ஊர் இருப்பது குறிக்கப்பட்டது, சனத்தொகை அறிவிக்கப்படவில்லை" என்று மட்டும் இருக்கிறது. ஊரைக் கண்டவர் ஆட்களைக் காணவில்லையா என்று சாப்பிடும்போது கேட்டேன். சியாகுல்லித் தோட்டத்தில் மந்தரின் தோடம்பழம் பிடுங்கும் ஜோக்கிம் மாமா, "அது புத்தியுள்ள சனம் பிள்ளை. எண்ண விட்டால் பிறகு தேடி வருவினம்" என்றார். அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "யுத்த நேரம் வன்னியிலை அரசாங்கக்காரர் எங்களைக் குறைச்சு எண்ணினவை. அரிசியும் அந்தக் கணக்குக்குத்தான் வந்தது. நீ சரியா எழுது." ஈரான்காரரின் சனத்துக்கு இஞ்சை ஏன் சண்டை, சோறு ஆறுது என்றார் அம்மா.

சரியாக எழுதப் போய்த்தான் இத்தனையும். சனத்தொகை எப்படி விடுபடும் என்று வகுப்பில் விளக்க எங்கள் வீட்டையே உதாரணம் காட்டினேன்: வாடகைப் பத்திரத்தில் நாங்கள் மூவர், படுப்பது ஏழு பேர், மாமா, விமலராணி அன்ரி, அவருடைய கணவர், கைக்குழந்தை உட்பட. எல்லோரும் கைதட்டினார்கள், பக்கத்திலிருந்த எமிலியானா பலமாகத் தட்டினாள், அவளுடைய தாய்தான் எங்கள் வீட்டுக்காரச் சிஞ்ஞோரா என்பது கைதட்டல் முடிந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எமிலியானா என்னைப் புகழ்ந்துதான் வீட்டில் சொன்னாளாம். இன்று பின்னேரம் கட்டில்களை எண்ண வருவதாகச் சிஞ்ஞோரா தொலைபேசியில் சொன்னார். மாமாவிடம் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரம், இல்லை. அவர் பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு வீடும் போய்விடும்.

அதிலிருந்து மெத்தைகள் மொட்டைமாடிக்கு ஏறின, அன்ரி குடும்பத்தோடு சந்தைக்குப் போய்விட்டார், மேலதிகப் பல்துலக்கிகளை அம்மா அரிசிப் பானைக்குள் புதைத்தார், மாமா உடுப்பு அலுமாரிக்குள் நின்று பார்த்தார், கதவு மூடவில்லை, சப்பாத்தைக் கழற்றினால் மூடும், ஆனால் ஓட வேண்டி வந்தால் சப்பாத்து வேணும் என்கிறார். அலுமாரிக் கதவை அப்பா முதுகால் அழுத்திக்கொண்டு நிற்கிறார்.

"பிள்ளை, நாங்கள் எத்தினை பேர்?"

"மூண்டு, அப்பா."

"ஓம்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

ஆகவே ஐயா, தெஹ்-இ-சங் பக்கத்தில் 'ஆட்கள் இருந்தார்கள்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தங்கள் குடும்பம் எண்ணிக்கையில் குறையாமல் வாழ இறைவனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கிருசாந்தினி

பி.கு.: மேலே உள்ள ஏழு பேரும் என் கற்பனை. வீட்டில் மூவர்தான். தெஹ்-இ-சங் பக்கத்திலும் எதையும் சேர்க்க வேண்டாம்; இருப்பதே போதும். படிக்கட்டில் சிஞ்ஞோராவின் குரல் கேட்கிறது. அந்த மூன்று பேரும்கூட இல்லாமலிருப்பது நல்லது என்கிறார் அம்மா. விளக்குகளை அணைத்துவிட்டார்.