ஞானாம்பிகைக்கு ஒரு கோல்

சாவதற்குள் ஒருமுறையாவது என் மனைவியை ஏமாற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். இதை அவளுக்குக் கேட்காத தூரத்தில் நின்றுதான் முடிவெடுத்தேன்.

நானும் மானிப்பாய் செபநாயகமும் ஒரு காலத்தில் பெயர்போன போன் பகிடிக்காரர். ஊரில் வீட்டுக்கு வீடு போன் வந்த புதிதில், ஆட்களுக்குக் கோல் எடுத்து, ஆள்மாறிக் கதைத்து, அவர்கள் துள்ளுவதைப் பதிந்து, 'கோவிக்காதேங்கோ' என்று ஓர் அல்பம் விட்டோம். வலிகாமம் முழுக்கச் சிரித்தது. வலிகாமம் முழுக்க ஏசியது. பிறகு பிள்ளைகள், உத்தியோகம், நீரிழிவு என்று இருபது வருடம் போய்விட்டது.

போன மாதம் செபநாயகம் சைக்கிளில் சண்டிலிப்பாய்க்கு வந்து இறங்கினான்.

"மச்சான், திரும்ப ஒண்டு விடுவமோ?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றைக்கு இரண்டு மாத்திரையும் போட மறந்தேன். அவ்வளவு சந்தோசம்.

'திரும்பவும் கோவிக்காதேங்கோ'. பத்து அழைப்புகள். வெள்ளிக்கிழமை வெளியீடு. மண்டபம் பிடித்தாயிற்று, நோட்டீஸ் ஒட்டியாயிற்று. ஒன்பது அழைப்புகள் முடிந்தன. பத்தாவது என் மனைவி ஞானாம்பிகை. "என்னை ஏமாத்திறதுக்கு இனித்தான் ஒருத்தன் பிறக்கோணும்" என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் இல்லாமல் அல்பமே இல்லை என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

தூண்டிலும் தயாராக இருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் ஐந்தாம் திருவிழா எங்கள் குடும்பத்து உபயம். என் பூட்டன் காலத்து உரிமை. அதில் ஒருவர் கைவைத்தால் ஞானாம்பிகை வெடிப்பாள். அந்த வெடியைப் பதிந்தால் போதும்.

செபநாயகம் வீட்டிலிருந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்தேன்.

"வணக்கமம்மா. கோயில் செயலாளர் கதைக்கிறன். உங்கடை அஞ்சாம் திருவிழாவைக் கனடாவிலை ஒரு குடும்பம் கேக்குது. குடுக்கலாமெண்டு சபையிலை தீர்மானம்."

"அப்பிடியோ? குடுங்கோ."

"என்னம்மா?"

"குடுங்கோ எண்டுறன். எங்களுக்கும் வயசு போட்டுது. என்ரை மனிசன் சுவாமியைத் தோளிலை காவ வெளிக்கிட்டு, போன வருசம் சுவாமிதான் அவரைக் காவினது."

"அம்மா, வடிவா யோசியுங்கோ! பூட்டன் காலத்து உபயம்!"

"நீங்கள் ஏன் தம்பி பதறுறியள்? கனடாக்காரர் நாலு கூட்டம் மேளம் பிடிப்பினம். எங்கடை ஆள் ஒண்டு பிடிக்கவே ஒரு மாசம் யோசிப்பார். வைக்கிறன்."

பக்கத்தில் பதிந்துகொண்டிருந்த செபநாயகம் காதுக்கருவியைக் கழற்றினான். "மச்சான், உதிலை ஆர் ஏமாந்தது?"

வாடிப்போய் வீடு வந்தேன். ஞானாம்பிகை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, அஞ்சாம் திருவிழாவை விட்டுக்குடுத்திட்டன். செயலாளர் எடுத்தவர். வாய்ச்சொல் காணாதெண்டு, பிறகு நானே தர்மகர்த்தாவுக்கும் எடுத்துச் சொல்லிட்டன். கனடாவுக்கு அறிவிச்சாச்சாம்."

'அது நான்தான்' என்று சொல்லப் பார்த்தேன். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் திருவிழா போகும்.

"அதைத்... திருப்பி வாங்கேலாதோ?"

"கோயில் காரியாலயத்திலை புதுசா ஒரு பிள்ளை வேலைக்கு வந்திருக்குதாம். இந்தாங்கோ நம்பர். நாலு மணிக்கு முதல் எடுக்கோணும்."

மணி மூன்று ஐம்பது. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஓடினேன்.

"கோயில் காரியாலயம்." கண்டிப்பான பெண்குரல்.

"பிள்ளை, அஞ்சாம் திருவிழா விசயம். செயலாளர் எண்டு கதைச்சது நான்தான். ஒரு பகிடிக்கு."

"பேர்?"

"சோமசேகரம்."

"பகிடிக்குக் காரணம்?"

"மனிசியை ஏமாத்த."

"ஏமாந்தவவோ?"

"...இல்லை."

"சத்தமாச் சொல்லுங்கோ ஐயா, எழுதவேணும்."

"ஏமாறேல்லை!"

"நீங்கள்தான் உபயகாரர் எண்டதுக்கு என்ன அத்தாட்சி? உங்கடை திருவிழாவிலை பாடுற தேவாரத்தைப் பாடுங்கோ."

பாடினேன்.

"சுருதி காணாது. திரும்ப."

திரும்பப் பாடினேன். படுத்திருந்த மாடு எழுந்து நின்றது.

"இனிப் பிழைக்கு மூண்டு தோப்புக்கரணம். எண்ணிக்கொண்டு போடுங்கோ."

போட்டேன். ஒன்று, இரண்டு என்று நான் எண்ண, முழங்கால்களும் 'டக், டக்' என்று கூடவே எண்ணின. மூன்றாவதில் உண்மையாகவே அழுதுவிட்டேன். "பிள்ளை, பூட்டன்ரை பேர் என்னோடை அழியக்கூடாது. பாத்துச் செய்யம்மா!"

"சரி ஐயா, திருவிழா உங்களுக்குத்தான். ஒண்டுக்கும் கோவிக்காதேங்கோ."

வந்த நிம்மதியில் அந்தக் கடைசிச் சொல் எனக்கு உறைக்கவேயில்லை.

மறுநாள் காலையில் செபநாயகம் எடுத்தான். "மச்சான், பத்தாவது கிடைச்சிட்டுது! ஓடி வா!"

பறந்தேன். அவன் வீட்டு விறாந்தையில் ஞானாம்பிகை இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செபநாயகத்தின் மனைவி ஸ்ரெல்லா. இருபது வருடமாக என்னோடு "இருங்கோ" என்பதற்கு மேல் ஒரு சொல் கதைத்தறியாத ஸ்ரெல்லா. ஸ்பீக்கரில் என் முழங்கால் கேட்டுக்கொண்டிருந்தது.

ஸ்ரெல்லா இன்றைக்கும் "இருங்கோ" என்றார். நேற்றைய காரியாலயப் 'பிள்ளை'யின் அதே குரல்!

"தர்மகர்த்தாவுக்கு எடுத்தனெண்டு சொன்னீரே?"

"நான் ஆருக்கும் எடுக்கேல்லை. ஸ்ரெல்லாவுக்கு மட்டும்தான் எடுத்தனான். உங்களுக்குத் தந்த நம்பரும் அவவின்ரைதான்."

"என்னை எப்பிடியப்பா கண்டுபிடிச்சனீர்?"

"எங்கடை செயலாளர் எந்தக் காலத்திலை கோல் எடுத்தவர்? மிஸ்ட் கோல்தானே குடுக்கிறவர். நாங்களெல்லோ திருப்பி எடுக்கிறது!"

செபநாயகம் ஒரு கடதாசியை நீட்டினான். அகப்பட்டவர் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால்தான் அழைப்பு அல்பத்தில் ஏறும். அந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான்.

"மாட்டன்."

"அப்ப ஒன்பதோடை விடுவம். மண்டபத்திலை சனத்துக்கு நீயே காரணம் சொல்லு."

போட்டேன்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. பத்தாவது அழைப்பைச் சனம் எழும்பி நின்று மூன்று தரம் கேட்டது. கைதட்டல் கூரையைத் தூக்கியது. எனக்குக் கண் கலங்கியது. இருபது வருடத்துக்குப் பிறகல்லவா! பொன்னாடை போர்த்த ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தார்கள். "கலைஞர் ஸ்ரெல்லா! கலைஞர் செபநாயகம்! கலையரசி ஞானாம்பிகை!"

நான் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

"அடுத்ததாக," என்றார் அறிவிப்பாளர், "அகப்பட்டவர்."