ஒரு சம்பந்தமும் ஒப்பேறாத தரகர்

வன்னியில் ஆயிரக்கணக்கான சம்பந்தங்கள் பேசி, ஒன்றைக்கூட மண்டபம் வரைக்கும் கொண்டுபோகாத ஒரே தரகர் எங்கள் தரகர்தான்.

உண்மையில் அவர் கிளிநொச்சியில் என்னோடு ஒரே ஆய்வுகூடத்தில் கணினி தட்டிய மனிதர். நம் உடம்பில் புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.க்கள் ஏராளம். வேலைவெட்டி இல்லாதவை என்று ஒருகாலத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பார்த்தால், மரபணுக்களை அதட்டி வேலை வாங்குவதே இந்தச் சோம்பேறிகள்தானாம்! இவை குழம்பினால் நோய் வரும். எது எந்த நோயோடு சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆயுள் காணாது. ஆகவே தெரிந்த சோடிகளைக் கணினிக்குக் காட்டி, தெரியாத சோடிகளை ஊகிக்க வைப்பார் இவர்.

"ஆர்.என்.ஏ. மாப்பிள்ளை, நோய் பொம்பிளை. நான் பொருத்தம் மட்டும்தான் பாக்கிறனான்" என்று ஒருநாள் வாய்விட்டார். அன்றோடு தாய் தகப்பன் வைத்த பெயர் போயிற்று.

பட்டப்பெயரை நம்பி, கொக்கிளாயிலிருந்து ஒரு தகப்பன் மகளின் சாதகத்தோடு வந்தே விட்டார். தரகர் அவரைக் கதிரையில் இருத்தி, ஒரு மணித்தியாலம் ஆர்.என்.ஏ. விளக்கம் கொடுத்தார். போகும்போது அந்த மனிதர் என்னிடம் மெதுவாக, "முதல்ல இந்தத் தம்பிக்கு ஒரு பொம்பிளை பாருங்கோ" என்றார்.

எங்கள் சிற்றுண்டிச்சாலையை நடத்தியவர் மலையகத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் குடியேறிய செல்வமணி அக்கா. அவருடைய கணவருக்குச் சிறுநீரகம் பழுது. அவரும் அவரைப் போன்ற சில விவசாயிகளும் எங்கள் ஆய்வுக்கு இரத்தம் கொடுத்திருந்தார்கள். தரகர் முதலிடம் கொடுக்கும் ஆர்.என்.ஏ.யைக் கொழும்பு ஆய்வுகூடம் அந்த இரத்தத்தில் தேடும். இரத்தமோ ஒரேயொரு சோதனைக்குத்தான் காணும். பிழையானதைச் சொன்னால் அவ்வளவும் வீண்.

"இன்னிக்காவது கண்டுபுடிச்சிட்டீங்களா தம்பி?" என்று தினமும் அக்கா தேநீரோடு கேட்பார்.

"ஓம் அக்கா, பேச்சு நடக்குது" என்பார் தரகர்.

ஒருநாள், தெரிந்த சோடிகள் சிலவற்றை ஒளித்துவைத்துப் புரோகிராமைச் சோதித்தோம். எல்லாவற்றையும் டக்கென்று கண்டுபிடித்துவிட்டது. துள்ளிக் குதித்தோம். பட்டியல் கொழும்புக்குப் போயிற்று. மறுநாள் சோதனை. அக்கா பாயாசம் காய்ச்சினார்.

அதை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "கிளினிக்குல ஒரே கூத்து தம்பி. எங்க வீட்டுக்காரரு ஒருக்கா பதிவுப்பேரு சொல்லியிருக்காரு, ஒருக்கா வீட்டுப்பேரு சொல்லியிருக்காரு. இப்ப ஒரே ஆளுக்கு ரெண்டு கிளினிக் கொப்பி!"

தரகரின் வாயில் கரண்டி அப்படியே நின்றது.

"அக்கா, இன்னொருக்காச் சொல்லுங்கோ!"

"என்னத்த, பாயாசம் வேணுமா?"

ஆள் செருப்பையும் விட்டுவிட்டு ஓடிவிட்டார். பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தால், எங்கள் ஆர்.என்.ஏ.க்களிலும் பலவற்றுக்கு இரண்டு பெயர். ஒரு பெயரில் நாங்கள் ஒளித்ததை, மற்றப் பெயரில் புரோகிராம் முன்பே பார்த்திருக்கிறது.

"கலியாணம் முடிச்ச சோடியைக் காட்டியெல்லோ பொருத்தம் கேட்டிருக்கிறன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு கொழும்புக்கு போன் எடுத்தார். "நிப்பாட்டுங்கோ, மாப்பிள்ளை பிழை!"

"ஆர் கதைக்கிறது?"

"தரகர் கதைக்கிறன்."

போன் வைக்கப்பட்டது. பிறகு நான் எடுத்து, அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிச் சோதனையை நிறுத்தினேன்.

பெயர்களை ஒன்றுசேர்க்க மூன்று கிழமை பிடித்தது. மறுபடி சோதித்தபோது புரோகிராமின் புள்ளி குறைந்தது. முதலிடத்துக்கு வேறொரு ஆர்.என்.ஏ. வந்தது. கொழும்பில் அதைத் தேடினார்கள். நோயாளிகளின் இரத்தத்தில் அது உண்மையிலேயே கூடுதலாக இருந்தது! மருந்தல்ல, ஆனால் நோயை முற்றுமுன் வேளைக்கே பிடிக்க ஒரு வழியாகலாம்.

"அவருக்கு இல்லாட்டியும் வயல்ல நிக்கிற எம் புள்ளைங்களுக்கு ஆகுமில்ல தம்பி" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆய்வறிக்கையை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எழுதியவர்களில் முதலாவது பெயரை வாசித்துவிட்டு, "இது யாரு?" என்றார்.

"எங்கட தரகர்தான்."

என் பேனையை வாங்கி, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'தரகர்' என்று எழுதினார். "ஒரே ஆளுன்னு தெரியணும்ல."

அந்தத் தாள் இப்போது சிற்றுண்டிச்சாலைச் சுவரில் இருக்கிறது. தரகர் கொழும்புக்கு மாறிப் போய்விட்டார். அவர் லீவில் வரும் நாட்களில் அக்கா பாயாசம் காய்ச்சுகிறார். எனக்கும் அன்றைக்குத்தான் வடிவாகப் பசிக்கிறது.