பதினோராவது கட்டத்து நட்சத்திரம்

"நட்சத்திரம் இங்க வரவே கூடாதுங்க!" என்றார் பியானோ டீச்சர்.

"பின்ன எங்க வரணும்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டார் கணவர்.

"அது தெரிஞ்சா நான் ஏன் தலையைப் பிச்சுக்கறேன்?"

நூற்றெண்பது வருடத்துக்கு முந்தைய பியானோ இசை அது. 'பெட்' என்று இருந்தால் பெடலைக் காலால் அழுத்த வேண்டும். ஒலிகள் ஒன்றோடொன்று குழைந்து நிற்கும். நட்சத்திரம் இருந்தால் காலை எடுக்க வேண்டும், ஒலி அடங்கும். இசையமைத்தவரின் கையெழுத்துப் பிரதியில், இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த எட்டுக் கட்டங்களுக்கு ஒரே அழுத்து. முதல் அச்சில் கட்டத்துக்கு ஒரு நட்சத்திரம். மூன்றாவது பிரதி, இவருக்குக் கற்றுக்கொடுத்துக் காலமான பெரிய டீச்சர் இந்த வீட்டோடும் பியானோவோடும் சேர்த்து இவருக்கு விட்டுப்போன பழம்புத்தகம். அதில்தான் பென்சில் நட்சத்திரங்கள். பதினோராவது கட்டத்தின் நட்டநடுவில் ஒன்று. பதினான்காவதில் ஓரமாக ஒன்று. யாருக்கும் தோன்றாத இடங்கள்.

"பெரிய டீச்சரோட குருவுக்குக் குரு, இசையமைச்சவர்கிட்டயே படிச்சவர். அவர் போட்ட குறிதான் இது. பக்கத்துல இருந்து கேட்டவங்களுக்குத்தான் இப்படிப் போட வரும்" என்று டீச்சர் ஆறு வருடமாகச் சொல்லிவந்தார். இன்று நான்கு மணிக்குப் பதிப்பாசிரியர் கேட்க வருகிறார். பிடித்துவிட்டால் புதிய பதிப்பின் அட்டையில் டீச்சர் பெயர்.

டீச்சர் நட்சத்திரங்களின்படி வாசித்துப் பார்த்தார்.

"விக்கல் எடுக்கற மாதிரி இருக்கே" என்றார் கணவர்.

"மூடி திறந்திருக்கு. அதான்."

மூடியை மூடினார்கள்.

"இப்ப போர்வைக்குள்ள விக்கல்."

"விரிப்பு சத்தத்தைக் குடிக்குது. சுருட்டுங்க."

விரிப்பைச் சுருட்டியதும் ஒவ்வொரு சுரமும் நான்கு சுவரிலும் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது. மேசை மேலிருந்த தம்ளர்கள் தாளம் போட்டன.

டீச்சருக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. "பெரிய டீச்சர் காலத்துல பியானோ கிழக்குச் சுவர் ஓரமா இருந்துது! அங்க வச்சாத்தான் இந்தக் குறி பேசும். தள்ளுங்க!"

"இடுப்பு பேசும்மா, இடுப்பு!" என்றார் கணவர். ஆனாலும் அடுப்படி வாசல்பக்கம் நின்று இழுத்தார். டீச்சர் இந்தப் பக்கம் தள்ளினார். பியானோ பாதி தூரம் வந்து, அடுப்படி வாசலைக் குறுக்கே அடைத்துக்கொண்டு, அதற்குமேல் நகர மாட்டேன் என்றது.

"நான் உள்ள மாட்டிக்கிட்டேன்!"

"அங்கதான் சாப்பாடு இருக்கே. உங்களுக்கென்ன கஷ்டம்?"

வாசல் மணி அடித்தது. பதிப்பாசிரியர் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். அவருக்குப் பின்னாலேயே பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, வாயில் ஊசியோடு.

"என்ன, வீட்டை இடிக்கிறீங்களா?" என்றார் ஊசியை எடுத்துவிட்டு.

"தம்பி, கோட்டைக் கழட்டிட்டு ஒரு கை குடுங்களேன்" என்றார் டீச்சர்.

பதிப்பாசிரியர் கோட்டைக் கழற்றினார். தையல்காரம்மா துணி வெட்டும் கணக்கில் வழி சொன்னார். "இடது பக்கம் ஒரு சாண். இன்னும் நாலு விரக்கடை. அவ்ளோதான், நில்லு!" பியானோ கிழக்குச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. கணவர் வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார். பதிப்பாசிரியரின் சட்டைத் தோளில் தையல் விட்டிருந்தது. தையல்காரம்மா கேட்காமலே அதில் ஊசியை ஏற்றினார்.

டீச்சர் உட்கார்ந்தார். பதினோராவது கட்டத்தின் நடுவில் காலை எடுத்தார். நிரம்பி வழிந்துகொண்டிருந்த ஒலி வற்றியது. கீழே அதுவரை யாருக்கும் கேட்காத ஒற்றைச் சுரம் தனியாக நின்றது. பதினான்காவதிலும் அப்படியே.

"விக்கல் நின்னுடுச்சே!" என்றார் கணவர்.

"அம்மா..." என்று எழுந்தே விட்டார் பதிப்பாசிரியர், தோளில் ஊசி தொங்க. "இந்த மாதிரி யாருமே போட்டதில்ல. இதைக் குறிச்சவங்களுக்கு என்ன காது! அட்டையில உங்க பேரு. கீழேயே, 'நேர் மாணவர் வழிவந்த பெடல் குறிகள்'. சம்மதமா?"

ஆறு வருட உழைப்பும் டீச்சரின் முகத்தில் விளக்கேற்றியதுபோல் இருந்தது. "நாலு தலைமுறைக் காதுங்க அது. எங்க பரம்பரை!" என்று புத்தகத்தை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

தையல்காரம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பக்கத்தின்மேல் குனிந்து, நட்சத்திரங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்றார், டீச்சரைவிடப் பெருமையாக.

"அட, என் கைக்குழந்தை தூங்கற நேரத்துல நான் எங்க வீட்டுப் பக்கமிருந்து இந்தச் செவுத்தைத் தட்டத் தட்ட, பெரிய டீச்சர் காலை எடுத்துட்டு பென்சிலால பூ போட்டுக்கறதாச் சொல்லுவாங்களே, அந்தப் புத்தகமா இது? அப்ப அட்டையில என் பேரையில்ல தம்பி போடணும்!"