நீ வர வேண்டாம், ஊறுகாயை மட்டும் அனுப்பு

சின்னவளுக்குப் பெரியவள் ஆசியோடு எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். நீயும் என் கொழுந்தனாரும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். அப்படி ஏதாவது உடம்புக்கு என்றால் இதைப் படித்து முடித்துவிட்டு டாக்டரிடம் போங்கள், அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது. போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

அண்ணனுக்கு நானும் தம்பிக்கு நீயுமாக வாழ்க்கைப்பட்டு ஒரே அடுப்படியில் புகை குடித்த காலத்தில், ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நீ நீலப் புடவை கட்டியிருந்தாய், முந்தானையில் மஞ்சள் கறை. நான் போட்ட மாங்காய் ஊறுகாய் இவர் தட்டை ஒட்டியே இருந்தது. மனுஷன் அதைத் தாண்டிக் கையை நீட்டி உன் எலுமிச்சை ஊறுகாயை எடுத்தார். எடுத்தவர் பேசாமல் சாப்பிட்டாரா? "இதைத் தொட்டுக்கிட்டா கல்லைத் தின்னாலும் செரிச்சிடும்" என்றார். அப்போ என்னோடது எப்படி என்று கேட்டேன். "அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் தின்ற சோறு அன்றைக்கே செரித்துவிட்டது, எனக்கு அந்த "அதுவும்" இன்றுவரை செரிக்கவில்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயாக்கும்.

போகட்டும், அதையெல்லாம் நான் எப்போதோ மறந்துவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச காலமாக இவருக்கு வயிறு சரியில்லை. ஓயாத ஏப்பம், நெஞ்செரிச்சல், தொட்டால் வயிறு பலகை மாதிரி இருக்கும். டாக்டர் தட்டிப் பார்த்து, வாய்வழியாகக் குழாய் விட்டும் பார்த்து, குடலில் புண், ஊறுகாயை நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினேன். புண் ஆறிவிட்டது, ஆனால் ஊறுகாயோடு பசியும் போய்விட்டது. இரண்டு வாய் உள்ளே போனதும் "போதும், அப்புறம் சாப்பிடுறேன்" என்பார், அந்த அப்புறம் வரவே வராது. தையற்கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான், இவர் வீட்டில் பழைய மிஷினோடு உட்கார்ந்திருக்கிறார். என்னதான் தைக்கிறாரோ என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் துவைக்க எடுத்த அவருடைய கால்சட்டையைத் திருப்பினேன். இடுப்பை உள்பக்கம் பிடித்துத் தைத்திருந்தது. அதற்கும் உள்ளே இன்னொரு தையல். அதற்கும் உள்ளே சாக்பீஸ் கோடு, அடுத்த தடவைக்கு. எனக்குத் தெரியக்கூடாது என்று சத்தமில்லாமல் தன்னைத் தானே சின்னதாக்கிக்கொண்டிருக்கிறார், சின்னவளே. பார்க்காத மாதிரி அதைத் திரும்ப நல்லபக்கம் திருப்பி ஊறப்போட்டேன். இதை யாரிடமும் சொல்லாதே.

திரும்பவும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "புண்ணு ஆறிடுச்சும்மா, இனிமே இவர் சாப்பிடுறதுதான் முக்கியம். என்ன கேக்குறாரோ குடுங்க. ஊறுகாயே கேட்டாலும் காரமில்லாததா நுனிநாக்குல வைங்க" என்றார். வீட்டுக்கு நடந்து வரும்போதே கேட்டேன், "என்ன வேணும், மாங்காயா?" இவர் எதிர்ப்பக்கத்து ரொட்டிக்கடையைப் பார்த்துக்கொண்டே, "சின்னவ போடுவாளே, எண்ணெய் இல்லாம, இஞ்சியும் ஓமமும் போட்டு... அது" என்றார். நான் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரன் வாயில் வந்தபடி திட்டினான்.

உன்னிடம் போய்க் கேட்பதாவது? நானே போட்டேன். அந்தக் காலத்தில் பார்க்காத மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். எங்கள் ஜன்னலில் வெயில் விழாது, கீழே கடைக் கண்ணாடியில்தான் விழும். கோட்டு மாட்டிய பொம்மையின் காலடியில் ஜாடியை வைத்தேன். துணி தைக்க வந்த ஒருத்தர் கோட்டை விட்டுவிட்டு ஊறுகாய் என்ன விலை என்று கேட்டாராம். என் மகனோ எதையோ போனில் படித்துவிட்டு, "இதுக்குள்ள நல்ல கிருமியெல்லாம் உயிரோட இருக்கு, குடலுக்கு அவ்வளவு நல்லது" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மூடியைத் திறந்து திறந்து காட்டியிருக்கிறான். அது மருமகள் காதில் விழுந்துவிட்டது. "நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு அதுங்க நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?" என்று ஜாடியைத் தூக்கிக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கினாள். ஜாடி விரிசல் விட்டது, எலுமிச்சை கூழானது. மாமனார்மேல் உள்ள பாசத்தில் செய்தவளை என்னவென்று திட்டுவது? யோசித்துப் பார்த்துவிட்டுத் திட்டினேன்.

இரண்டாவது ஜாடியை நூல்கண்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன், வெயிலடிக்கும்போது மட்டும் வெளியே எடுத்து நானே காவல் இருந்தேன். ஊறியதும் ஒரு பாட்டிலில் போட்டு, பழைய பார்சல் காகிதத்தைச் சுற்றி, "சின்னவ அனுப்பியிருக்கா" என்று முன்னால் வைத்தேன். நுனிநாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"நீ போட்டது" என்றார்.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"உப்பு போடும்போது கோபமா இருந்திருக்க."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய்விட்டார். அவர் சொன்னதும் நிஜம்தான்.

ஆகவே கேட்கிறேன், ஒரு தடவைதான் கேட்பேன். ஒரு பாட்டில் போட்டு அனுப்பு. மூடியை இறுக்கி மூடு, நீ எதையும் அரைகுறையாகத்தான் மூடுவாய். நீ வர வேண்டாம். முழங்கால் வலியோடு பஸ் ஏறி அவஸ்தைப்பட வேண்டாம். அதோடு நீ வந்தால் என் டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றுவாய். போன முறை நீ எடுத்து வைத்த மிளகு டப்பாவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கொழுந்தனாரை விசாரித்ததாகச் சொல். உன் முழங்காலுக்கு நல்ல தைலமும் எனக்குக் கொஞ்சம் மறதியும் ஆண்டவன் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை மன்னித்துவிட்ட
பெரியவள்

பி.கு.: உறையை ஒட்டப் பசை எடுக்க உள்ளே போன நேரத்தில் இவர் இதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டார். "ஊறுகாயை அனுப்பச் சொல்லாத. அவளை வரச் சொல்லு" என்கிறார். ஏன், பாட்டிலில் வந்தால் தொண்டையில் இறங்காதா என்று கேட்டேன். "வீடு ஆஸ்பத்திரி மாதிரி கம்முனு கிடக்கு. நீங்க ரெண்டு பேரும் அடுப்படியில சண்டை போடுற சத்தம் கேட்டாத்தான்டி எனக்குப் பசியே எடுக்கும்" என்கிறார். எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. பாட்டில் வேண்டாம், நீ புறப்பட்டு வா. பஸ் நிற்கிற இடத்துக்கு மகன் வருவான். எலுமிச்சை நான் வாங்கி வைக்கிறேன். நீ துண்டு துண்டாகப் பெரிதாய் நறுக்குவாய், நான் சும்மா இருக்க மாட்டேன். பெரியவளாயிற்றே என்று மரியாதை பார்த்து நீ பதில் பேசாமல் இருந்துவிடாதே. மனுஷன் பட்டினி கிடப்பார்.